மேற்குலகில் மாறும் மதக் கணக்கு: தொட்டிலும் குடிபெயர்வும் சொல்லும் உண்மை

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கைப்பேசியை நீட்டினார். "ஹஜ்ரத், இதைக் கொஞ்சம் பாருங்க. இன்னும் முப்பது வருஷத்துல ஐரோப்பா முழுக்க நம்ம ஆளுங்கதான்" என்றார். முகத்தில் அவ்வளவு பூரிப்பு. ஐரோப்பியர்கள் பிள்ளை பெறுவதை நிறுத்திவிட்டார்கள், அங்கே முஸ்லிம் வீடுகளில் எட்டுப் பிள்ளைகள் பிறக்கின்றன, ஆகவே பிரான்ஸும் ஜெர்மனியும் விரைவில் இஸ்லாமிய நாடுகளாகிவிடும் என்று அந்தக் காணொளி சொல்லிற்று.

இப்படியான செய்தி அடிக்கடி நம் குழுக்களைச் சுற்றி வருகிறது. பார்த்ததும் 'மாஷா அல்லாஹ்' என்று எழுதி அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுகிறோம். வரும் செய்தியைத் தீர விசாரிக்கும் ஒழுக்கத்தை சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கற்றுத்தருகிறது. நமக்குப் பிடித்த செய்தி என்பதால் அந்த ஒழுக்கம் தளர்ந்துவிடாது. எனவே இந்தக் கணக்கை நாமே ஒருமுறை பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம்.

இந்தக் காணொளியின் பூர்வீகம் என்ன?

இவ்வகைச் செய்திகளில் பெரும்பாலானவற்றின் சாயல் 2009இல் யூடியூபில் பரவிய 'முஸ்லிம் டெமோகிராஃபிக்ஸ்' என்ற ஆங்கிலக் காணொளியில் இருக்கிறது. பிரான்ஸில் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்குச் சராசரியாக 8.1 பிள்ளைகள் என்று அது சொன்னது. ஏராளமானோர் பார்த்தார்கள். பிபிசி வானொலி இந்த எண்ணை ஆராய்ந்தபோது அதற்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. கிடைக்கவும் வாய்ப்பில்லை. பிரான்ஸ் அரசு தன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதத்தைக் கேட்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே நிறுத்திவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் காணொளியை உருவாக்கியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். முஸ்லிம்கள் பெருகிவிட்டார்கள், விழித்துக்கொள்ளுங்கள் என்று கிறிஸ்தவர்களை மதப் பிரச்சாரத்துக்கு அழைப்பதோடு அது முடிகிறது. அவர்களை அச்சுறுத்தத் தயாரித்த பொய்க் கணக்கை நாம் நற்செய்தி என்று வாங்கிப் பகிர்ந்துகொண்டிருக்கிறோம்.

உண்மையான எண்கள் என்ன சொல்கின்றன?

மேற்கு நாடுகளில் மக்களிடம் மதத்தைக் கேட்டுப் பதிவு செய்யும் கணக்கெடுப்பு எல்லா இடத்திலும் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001 முதல் அந்தக் கேள்வி உண்டு. விரும்பினால் பதில் சொல்லலாம். இருபது ஆண்டு மாற்றத்தை ஒரே அளவுகோலில் பார்க்க இது நமக்கு உதவுகிறது.

2001இல் தம்மைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 71.7 சதவீதம். 2011இல் 59.3. 2021இல் 46.2. கணக்கெடுப்பில் மதம் கேட்கத் தொடங்கிய பிறகு முதல் முறையாகக் கிறிஸ்தவர்கள் பாதிக்கும் கீழே வந்தார்கள். இதே காலத்தில் முஸ்லிம்கள் 3.0 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக, அதாவது சுமார் 39 லட்சம் பேராக உயர்ந்தார்கள்.

இதோடு நிறுத்திக்கொண்டால் காணொளி சொன்னது சரி என்றே தோன்றும். மூன்றாவது வரிசையையும் பார்க்க வேண்டும். 'எனக்கு மதம் இல்லை' என்றவர்கள் 2001இல் 14.8 சதவீதம். 2021இல் 37.2 சதவீதம். கழித்துப் பாருங்கள். கிறிஸ்தவம் இழந்தது 25.5 புள்ளி. மதமின்மை பெற்றது 22.4 புள்ளி. இஸ்லாம் பெற்றது 3.5 புள்ளி. தேவாலயத்தை விட்டு வெளியேறியவர்கள் பள்ளிவாசலுக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஜெர்மனியிலும் இதே போக்குதான். 2022இல் அந்நாட்டின் இரண்டு பெரிய திருச்சபைகளின் உறுப்பினர்கள் மொத்த மக்களில் பாதிக்கும் கீழே போனார்கள். அந்த ஒரே ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முறைப்படி விலகினார்கள். அமெரிக்காவில் 2007இல் 78 சதவீதமாக இருந்த கிறிஸ்தவர்கள் இப்போது ஏறத்தாழ 62 சதவீதம். எந்த மதத்தையும் சேராதவர்கள் 16இலிருந்து 29 சதவீதமாகியிருக்கிறார்கள். மேற்குலகில் இன்று நடக்கும் மிகப் பெரிய மத மாற்றம் ஒரு மதத்திலிருந்து இன்னொரு மதத்துக்குப் போவது அன்று. மதத்திலிருந்து மதமின்மைக்குப் போவதே.

தொட்டில் செய்யும் வேலை

அப்படியானால் முஸ்லிம்களின் சதவீதம் ஏன் கூடுகிறது? இஸ்லாத்தைத் தழுவும் சகோதர சகோதரிகள் அங்கே இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மொத்தக் கணக்கில் அவர்களின் பங்கு சிறிது. வளர்ச்சியின் பெரும்பகுதி வயதாலும் பிறப்பாலும் குடிபெயர்வாலும் வருகிறது.

முதலில் வயதைப் பார்ப்போம். 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்து, வேல்ஸ் முஸ்லிம்களின் நடு வயது 27. அதாவது பாதிப் பேர் 27க்குக் கீழே. கிறிஸ்தவர்களின் நடு வயது 51. இதை நம் ஊர் வழக்கில் சொல்வதானால், ஒரு தெருவில் நூறு இளம் தம்பதிகள் இருக்கிறார்கள், அடுத்த தெருவில் நூறு முதிய தம்பதிகள் இருக்கிறார்கள். முதல் தெருவில் அகீகா நடக்கும், இரண்டாம் தெருவில் இறப்புகள் நடக்கும். முதல் தெருக்காரர்கள் வீட்டுக்கு இரண்டே பிள்ளை பெற்றாலும் இருபது ஆண்டில் அந்தத் தெரு நிறைந்திருக்கும்.

அடுத்து பிள்ளைகளின் எண்ணிக்கை. ப்யூ ஆய்வு மையம் 2017இல் ஐரோப்பா பற்றி வெளியிட்ட அறிக்கையில், முஸ்லிம் பெண்களுக்குச் சராசரியாக 2.6 பிள்ளைகள், மற்றவர்களுக்கு 1.6 என்று மதிப்பிட்டது. ஒரு சமூகம் தன் எண்ணிக்கையைத் தக்கவைக்கத் தேவைப்படுவது 2.1. வித்தியாசம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் எட்டுக்கும் இரண்டரைக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

கப்பலும் விமானமும் செய்த வேலை

அந்த இளம் தம்பதிகள் ஐரோப்பாவுக்கு வந்தது எப்படி? அழைத்தவர்கள் ஐரோப்பியர்களே. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. 1960களில் மங்களா அணைக்காக மீர்ப்பூர் பகுதியில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இடம்பெயர்ந்தபோது, அவர்களில் பலர் பிரிட்டனின் பிராட்ஃபோர்ட், பர்மிங்ஹாம் நகரங்களின் ஆலைகளுக்குப் போனார்கள். 1961 அக்டோபரில் ஜெர்மனி துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் செய்தது. வந்தவர்கள் 'விருந்தினர் தொழிலாளர்'. சில ஆண்டு உழைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள் என்பது இரு தரப்பின் எண்ணம்.

1973இல் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் ஜெர்மனி புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தியது. எண்ணிக்கையைக் குறைக்கச் செய்த இந்த முடிவு நேர் எதிரான பலனைத் தந்தது. ஊருக்குப் போனால் மறுபடி வர முடியாது என்று உணர்ந்த தொழிலாளர்கள் அங்கேயே தங்கி மனைவி மக்களை வரவழைத்தார்கள். தனியாள்கள் தங்கிய விடுதிகள் போய் குடும்பங்கள் வந்தன. குடும்பங்கள் வந்ததும் மக்தபும் ஹலால் கடையும் கபரஸ்தானும் தேவைப்பட்டன. வளைகுடாவுக்குப் போய்வரும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு இந்தக் கதையின் முதல் பாதி நன்றாகத் தெரியும். குடியுரிமை கிடைக்கும் நாட்டில் அதன் இரண்டாம் பாதி நடந்தது.

ஆனால் குடிபெயர்வு என்றாலே முஸ்லிம்கள் என்று நினைப்பதும் தவறு. 2020 நிலவரப்படி உலகில் நாடு விட்டு நாடு வாழ்பவர்களில் 47 சதவீதம் கிறிஸ்தவர்கள், 29 சதவீதம் முஸ்லிம்கள் என்கிறது ப்யூ. 2022இல் போர் தொடங்கியதும் உக்ரைனிலிருந்து ஜெர்மனிக்கு வந்த பத்து லட்சம் பேரில் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பின்னணி கொண்டவர்கள். லண்டனைப் பாருங்கள். குடியேறிகள் மிகுந்த அந்த நகரில் மதமற்றோர் 27 சதவீதம். குடியேறிகள் குறைவான வேல்ஸில் 46.5 சதவீதம். லண்டனில் பள்ளிவாசல்கள் நிறைவது போலவே நைஜீரிய, கானா குடும்பங்களால் தேவாலயங்களும் நிறைகின்றன. மேற்கு நகரங்களில் இன்று இறைநம்பிக்கையின் ஓசை கேட்கிறது என்றால் அதில் புலம்பெயர்ந்த கிறிஸ்தவரின் குரலும் சேர்ந்திருக்கிறது.

இடைவெளி சுருங்குகிறது

இன்றைய வித்தியாசம் அப்படியே நூறு ஆண்டு நீடிக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுவதில்தான் காணொளி தவறுகிறது. பெண்கள் படிக்கும்போது, குழந்தை மரணம் குறையும்போது, நகர வாடகை கழுத்தை நெரிக்கும்போது பிறப்பு விகிதம் குறைகிறது. இதில் மதம் பெரிய வேலி போடுவதில்லை. ஈரானில் 1980களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஆறுக்கும் மேல் இருந்த பிள்ளைகள் ஒரு தலைமுறைக்குள் இரண்டாகக் குறைந்தன. துருக்கியில் 2023இன் விகிதம் 1.51. அதே ஆண்டில் பிரான்ஸின் விகிதம் அதைவிட அதிகம்! மூன்று பிள்ளையாவது பெறுங்கள் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் துருக்கி அதிபர் எர்துகான், 2025ஐக் குடும்ப ஆண்டாகவே அறிவிக்க வேண்டி வந்தது.

நம் நாட்டிலும் இதே கதைதான். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்திய முஸ்லிம் பெண்களின் விகிதம் 1992-93இல் 4.4. 2019-21இல் 2.4. எல்லாச் சமூகத்திலும் குறைந்தது, நம்மிடம் வேகமாகக் குறைந்தது. ஆயினும் 'பெருகிவிடுவார்கள்' என்ற பேச்சு மட்டும் குறையவில்லை.

ஐரோப்பாவுக்கான ப்யூவின் கணிப்பு மூன்று விதமாக இருந்தது. 2016இல் முஸ்லிம்கள் 4.9 சதவீதம். குடிபெயர்வு முற்றிலும் நின்றுவிட்டால் 2050இல் 7.4. மிதமாகத் தொடர்ந்தால் 11.2. சிரியப் போர் உச்சத்தில் இருந்தபோது வந்த அளவுக்கே அகதிகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால்கூட 14. அந்த மிக உயர்ந்த கணிப்பிலும் நூற்றில் 86 பேர் முஸ்லிம் அல்லாதவர்கள். காணொளி வாக்களித்த நாள் எந்தக் கணிப்பிலும் இல்லை.

கியூபெக்கின் பாடம்

பிள்ளைகளின் எண்ணிக்கையே ஒரு மதத்தைக் காப்பாற்றிவிடுமா? கனடாவின் கியூபெக் மாகாணம் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறது.

1763இல் பிரான்ஸ் தோற்று அந்த மண் பிரிட்டன் கைக்குப் போனபோது அங்கே பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர்கள் ஏறத்தாழ 70,000 பேர். புரொட்டஸ்டண்ட் ஆங்கிலேயர்கள் நடுவே கரைந்துபோகாமல் இருக்க அவர்களிடம் இருந்த வழி பிள்ளைப்பேறு. வீட்டுக்கு எட்டு, பத்து பிள்ளைகள் சாதாரணம். பாதிரியார்கள் ஊக்கப்படுத்தினார்கள். 'தொட்டில்களின் பழிவாங்கல்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். இருநூறு ஆண்டில் லட்சக்கணக்காகப் பெருகினார்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் திருச்சபையின் கையில். ஞாயிற்றுக்கிழமை ஆலயங்கள் நிரம்பி வழிந்தன.

1960இல் 'அமைதிப் புரட்சி' என்று அவர்கள் அழைக்கும் மாற்றம் வந்தது. கல்வியும் மருத்துவமும் அரசின் கைக்குப் போயின. புதிய தலைமுறை திருச்சபையின் பிடியைச் சுமையாகப் பார்த்தது. ஒரே தலைமுறையில் ஆலயங்கள் காலியாயின. பல ஆலயங்கள் இன்று நூலகமாகவும் அடுக்குமாடி வீடாகவும், ஒன்று சர்க்கஸ் பயிற்சிப் பள்ளியாகவும் இருக்கின்றன. 1950களின் இறுதியில் நான்கை ஒட்டியிருந்த பிறப்பு விகிதம் 1980களின் நடுவில் 1.4 ஆனது. பத்துப் பிள்ளை பெற்ற பாட்டியின் பேரப்பிள்ளைகள்தான் ஆலயத்தைப் பூட்டினார்கள்.

அதன் பின்விளைவு இன்னும் கவனிக்கத்தக்கது. பிறப்பு குறைந்ததால் ஆள் தேவைப்பட்டது. மொழியைக் காக்கப் பிரெஞ்சு தெரிந்தவர்களையே கியூபெக் அரசு விரும்பித் தேர்ந்தெடுத்தது. அவர்களில் பெருந்தொகையினர் அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியா முஸ்லிம்கள். தன் மதத்தைக் கைவிட்ட சமூகம், மதத்தோடு வந்தவர்களைக் கண்டு கலங்கியது. 2017 ஜனவரியில் கியூபெக் நகரப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019இல் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் உட்பட பலர் பணியில் மத அடையாளங்கள் அணியத் தடை வந்தது. ஹிஜாப் அணியும் சகோதரிகளே அதில் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். பிறப்பும் குடிபெயர்வும் ஒரு சமூகத்தின் மத முகத்தை எப்படி மாற்றுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

கியூபெக்குக்கு எதிர்ப்புறத்தில் அமெரிக்காவின் ஆமிஷ் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். 1900ஆம் ஆண்டளவில் சில ஆயிரம் பேர். இன்று 3,50,000ஐத் தாண்டிவிட்டார்கள். மற்றவர்களை அவர்கள் மதம் மாற்றுவதில்லை. பிள்ளைகள் அதிகம், அதோடு பிள்ளைகளில் பெரும்பாலோர் வளர்ந்த பிறகும் அந்தச் சபையிலேயே நீடிக்கிறார்கள். மின்சாரத்தையும் காரையும் ஒதுக்கி, உலகத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்தி அதைச் சாதிக்கிறார்கள். அது நமக்குரிய வழி அன்று. ஊரோடு வாழ்ந்து, வியாபாரம் செய்து, பண்பால் சாட்சி சொல்வதே நாம் கற்ற மார்க்கம். ஆனால் பிள்ளை பெறுவது ஒன்று, பிள்ளையை ஈமானோடு வைத்திருப்பது வேறு என்ற பாடத்தை இருவரிடமிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

நம் சமூகத்துக்கு இந்தச் சோதனை தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் முஸ்லிமாக வளர்க்கப்பட்டவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் பெரியவர்களான பின் தம்மை முஸ்லிம் என்று சொல்வதில்லை என்று ப்யூ 2018இல் எழுதியது. புதிதாக இஸ்லாத்துக்கு வருவோரின் எண்ணிக்கை அந்த இழப்பை ஏறக்குறைய ஈடுசெய்கிறது. வாசல் வழியே வருவோரைப் படம் எடுத்துப் பகிர்கிறோம். கொல்லைப்புறமாக வெளியேறும் நம் வீட்டுப் பிள்ளையை யாரும் பகிர்வதில்லை.

பெருமைப் பேச்சின் விலை

2011இல் பிரெஞ்சு எழுத்தாளர் ரெனோ காம்யூ 'பெரும் மாற்றீடு' என்ற கருத்தைத் தன் நூலில் வைத்தார். ஐரோப்பிய மக்களை அகற்றிவிட்டு வந்தேறிகள், குறிப்பாக முஸ்லிம்கள், இடம்பிடிக்கிறார்கள் என்பது அதன் சாரம். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் ஜும்ஆ வேளையில் துப்பாக்கிச் சூடு நடத்தி 51 பேரைக் கொன்றவன், தன் அறிக்கைக்கு அதே தலைப்பை வைத்தான். அறிக்கையின் தொடக்கமே பிறப்பு விகிதம் பற்றியது. அந்நாட்டில் முஸ்லிம்கள் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். கொல்லப்பட்டவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள்.

நம் குழுவில் பூரிப்போடு சுற்றும் கணக்கும் அவன் கையில் இருந்த கணக்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நாம் இங்கே பாதுகாப்பாக உட்கார்ந்து 'ஐரோப்பா நம்முடையது' என்று பகிர்வதை, அங்கே வெறுப்பை வளர்ப்பவர்கள் எடுத்து 'பாருங்கள், அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்' என்று காட்டுகிறார்கள். விலை கொடுப்பவர்கள் நம் உறவினர்கள். காரைக்காலிலிருந்து பிரான்ஸ் சென்று குடியேறிய குடும்பங்கள், லண்டனிலும் டொராண்டோவிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், ஹிஜாபோடு பேருந்துக்கு நிற்கும் நம் சகோதரிகள்.

நமக்கு இருக்கும் வேலை

ஹுனைன் போர்க்களத்துக்குப் பன்னிரண்டாயிரம் பேராகப் புறப்பட்ட முஸ்லிம்களில் சிலருக்குத் தங்கள் எண்ணிக்கையே பெருமையாக இருந்தது. முதல் தாக்குதலில் அந்தப் படை சிதறியது. எண்ணிக்கை கைகொடுக்காத அந்த நாளை சூரத்துத் தவ்பா நமக்கு நினைவூட்டுகிறது. அல்லாஹ்வின் உதவி எண்ணிக்கையைப் பார்த்து இறங்குவதில்லை.

அன்று அந்தப் பெரியவரிடம் நாம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம். அவருடைய மகள் குடும்பத்தோடு லண்டனில் இருக்கிறார். "பேரப்பிள்ளைங்க ஓதுறாங்களா?" என்றோம். சற்று நேரம் பேசவில்லை. "சின்னவன் ஓதுறான். பெரியவனுக்குப் பதினஞ்சு வயசு. ஏதேதோ கேள்வி கேக்குறானாம். அவளுக்குப் பதில் சொல்லத் தெரியல. வகுப்புக்குப் போறத நிறுத்திட்டான்" என்றார்.

இங்கிருந்துதான் நம் வேலை தொடங்குகிறது. அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையின் கேள்விகளை அதட்டாமல் கேட்கும் ஓர் ஆலிம், அவன் பேசும் மொழியில் பதில் சொல்லும் ஒரு நூல், அவன் வயதுப் பிள்ளைகளோடு போய் அமரப் பள்ளிவாசலில் ஓர் இடம். பிள்ளைகளை மேற்குக்கு அனுப்பும் பெற்றோர் சம்பளத்தையும் வீட்டு வாடகையையும் விசாரிப்பது போல, அருகே மக்தப் இருக்கிறதா என்றும் விசாரிக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் காணொளி அழைப்பில் பேரனிடம் மார்க்கில் எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், மனதில் என்ன ஓடுகிறது என்றும் கேட்க வேண்டும். உலமாக்களாகிய நாமும் அந்தக் கேள்விகளுக்குத் தயாராக வேண்டும். தடை போட்டு அனுப்பிவிடுவது எளிது. கியூபெக்கின் பாதிரியார்களும் அதைத்தான் செய்தார்கள்.

பெரியவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பெரியவன் நம்பர் தர்றேன் ஹஜ்ரத், நீங்க ஒரு தடவ பேசுங்க" என்றார். பேசினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவன் கேட்டவற்றில் இரண்டு கேள்விகளுக்கு அடுத்த வாரம் பதில் சொல்வதாகத் தவணை வாங்கியிருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், படித்துவிட்டுப் பேசுவோம்.